ஸ்டோரில் காய்ந்த கடல்

மகனும் மருமகளும் போன வாரம் மாலத்தீவு போய்விட்டு வந்தார்கள். வந்த கையோடு மருமகள் கைப்பேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். தெளிந்த தண்ணீர், அதற்குக் கீழே பச்சையும் ஊதாவும் கடுகு மஞ்சளுமாகப் பவளப்பாறை. "ஒரு துண்டுகூட எடுத்துட்டு வரக் கூடாதாம் மாமா. ஏர்போர்ட்ல பையத் தொறந்து பாக்குறாங்க" என்றாள். நல்ல காரியம் என்றேன். இன்னும் கொஞ்சம் ஆச்சரியத்தை எதிர்பார்த்திருப்பாள், பாவம். பவளப்பாறையைப் பார்த்தால் ஊருக்கெல்லாம் கண் விரியும், எனக்கு மூக்கு சுருங்கும். படத்தில் பார்த்தாலும் அப்படித்தான். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கையில் இருந்தது. அதைக் குடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போடிநாயக்கனூர்க்காரன் ஏலக்காய் வாசனைக்கு முகம் சுளிப்பது சோறு போட்ட கையைக் கடிப்பதற்குச் சமம். எங்கள் ஊரில் சில தெருக்களில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எது மண்டி, எது வீடு என்று மூக்கே சொல்லிவிடும். சட்டையைத் துவைத்து மதுரையில் போய் உடுத்தினாலும் "போடியா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, அந்த வாசனையிலேயே சம்பளமும் வாங்கியவன் நான். சொல்லித்தான் ஆகவேண்டும், கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. படிப்பை முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடுவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து தேய்க்கிறானே என்று மாமா ஒருவர் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாகச் சேர்த்துவிட்டார். தோட்டத்தில் என் பெயரே மறைந்துபோய் 'கணக்கு' ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கு தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். மேலே எப்போதும் குளிர். தூவானம் நிற்கவே நிற்காது. அட்டை எந்த வழியாகக் காலில் ஏறுகிறது என்பதை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

குளிருக்கு ஒதுங்க ஒரே இடம் ஸ்டோர். மலையில் ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள். பறித்த பச்சைக் காயை உலர்த்தும் கட்டடத்துக்கு அதுதான் பெயர். வெளியே அடுப்பு. அதிலிருந்து தகரக் குழாய் உள்ளே போய்த் தரையைச் சுற்றி வரும். அதற்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள், தட்டு நிறையக் காய். இருட்டில், அளந்த சூட்டில், நிதானமாக ஈரத்தை இறக்கினால் பச்சை நிறம் அப்படியே நிற்கும். அவசரப்பட்டால் காய் பழுத்த நிறமாகிவிடும். வெயிலில் போட்டாலோ வெளுத்துப் போகும். பச்சை போனால் விலையும் போச்சு.

ஸ்டோர்க்காரர் குருசாமி. போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே விறகைத் தள்ளவும் இழுக்கவும் செய்வார். சுற்று வட்டாரத்தில் அவர் ஸ்டோரில் உலர்த்திப் போட்ட காய் என்றால் மண்டியில் சாம்பிளை அதிகம் கிளற மாட்டார்கள். அவர் மனைவி வெள்ளத்தாய் காய் எடுக்கப் போவாள். சின்ன மகள் ஒருத்தி. ஸ்டோருக்குப் பக்கத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள்.

பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும் என்பார்கள். ஏலக்காய் அந்த நாரைவிட மோசம், பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விளக்கை ஸ்டோர் வாசலில் வைத்தால் குருசாமி வீடு தேடி வந்து திட்டுவார். ஒருமுறை நான் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அடுப்பு ஓரம் குளிர் காய உட்கார்ந்தேன். "கணக்கு, அந்தச் சோலிய அங்கிட்டுப் போய் வச்சுக்க" என்று என்னையே எழுப்பிவிட்டார். லயத்தில் கருவாடு சுடுகிறவர்கள் ஓடைக்கு அந்தப்பக்கம் போய்த்தான் சுட வேண்டும். அதுவும் அவர் போட்ட சட்டம். இதை நன்றாக நினைவில் வையுங்கள். கருவாட்டு வாடையை ஓடை தாண்டி விரட்டிய மனிதரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

தை கடைசியில், கடைசிக் காய் எடுப்புக்கு முன்னால், தோட்டத்து ஆட்களை முதலாளி பஸ்சு பிடித்து எங்காவது அனுப்புவார். பெரும்பாலும் பழனி. அந்த வருஷம் ராமேஸ்வரம் என்று முடிவானது. அந்த முடிவுக்கு முக்கியக் காரணம் வெள்ளத்தாய். அவள் கடலைப் பார்த்ததே இல்லை. "தண்ணிக்கு அந்தப்பக்கம் கரையே தெரியாதாம்ல" என்று காய் எடுக்கும் இடமெல்லாம் பேசிப் பேசி மற்ற பெண்களையும் கிளப்பிவிட்டிருந்தாள். கிளம்ப வேண்டிய அன்று மகளுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு அவள் லயத்து வாசலில் நின்றாள். நானும் போகவில்லை என்று குருசாமி துண்டை உதறினார்.

"நீ போய்ட்டு வாய்யா. ரெண்டு பேரும் இருந்து என்ன செய்யப் போறோம். பாத்ததுல நல்லது எதையாச்சும் கொண்டா."

மலையில் அது ஒரு வழக்கம். போனவர், போக முடியாதவருக்கு எதையாவது கொண்டுவர வேண்டும். பழனி போனால் பஞ்சாமிர்தம், கொச்சி போனால் கோரைப்பாய். வெறுங்கையோடு வந்தால் போகாதவரின் கண்ணீர் ஒட்டும் என்பார்கள்.

ராமேஸ்வரத்தில் தீர்த்தமெல்லாம் ஆடி முடித்துத் திரும்பும் வழியில் ஒரு கடற்கரை ஊர். அங்கிருந்து படகில் ஒரு தீவுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள் என்று யாரோ சொல்ல, பஸ்சைத் திருப்பினோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பின் பின்பலகையில் தொங்கிக்கொண்டு போகிறவன் நான், ஒருநாளும் குமட்டியதில்லை. படகில் ஏறிய கொஞ்ச நேரத்தில் காலையில் தின்ற இட்லி கடலுக்குப் போய்விட்டது. காய் எடுக்கும் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளை பேண்ட் வேறு போட்டிருந்தேன்.

தீவு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நம் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு துண்டை வெட்டிக் கடலில் போட்ட அளவுதான். வெள்ளை மணல், முட்புதர், ஒதுங்க நாலைந்து மரம். குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆனால் அதைச் சுற்றி இடுப்பளவுத் தண்ணீரில்தான் விஷயமே இருந்தது. மருமகள் காட்டினாளே, அந்தப் பச்சை, அந்த ஊதா. படகுக்காரர் முங்கி, கம்பியால் உடைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். எல்லோரும் கேட்டு வாங்கினார்கள். அதைத் தப்பு என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வள்ளங்களை நிறுத்திக் கடப்பாரையால் பெயர்த்து லோடு லோடாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "கரையில சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போவுது. பூப்பாறை, அள்ள அள்ளக் கொறையாது" என்றார் படகுக்காரர்.

குருசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனோம். கடைசியில் மேலே வந்தபோது "இத அவ பாக்கணும் கணக்கு" என்றார்.

கரையில் கடை போட்டுப் பவளக் கல் விற்றார்கள். எல்லாம் வெள்ளை. சிலவற்றுக்கு ரோஸ் கலர் பூசியிருந்தார்கள். குருசாமி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெயில்ல போட்டு வெளுக்க விட்டுருக்காய்ங்க. நம்ம காய வெயில்ல போட்டா எப்பிடி இருக்கும், அதே கததான். இவய்ங்களுக்குப் போடத் தெரியல."

எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பச்சையாக இருக்கும் ஒன்றைப் பச்சையாகவே காயவைக்க உலகத்தில் ஒரு வழிதான் உண்டு, அது ஸ்டோர் என்று மலையில் இருப்பவர்கள் எல்லோரும் நம்பினோம். பவளம் கல் அல்ல, உயிர் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பத்தாவது வரை அறிவியல் படித்த கணக்குப்பிள்ளைக்கும் தெரியாது. குருசாமி படகுக்காரரிடம் கேட்டுக் கேட்டு ஒரு சாக்கு நிறைய நல்ல துண்டுகளாக வாங்கிக்கொண்டார். சாக்கைக் கடல் தண்ணீரில் முக்கி பஸ்சுக் கூரையில் ஏற்றினார். வழியெல்லாம் அது பின் ஜன்னல் வழியே சொட்டிக்கொண்டு வந்தது.

கடல் காற்று எனக்குச் சேரவில்லை. போடியிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டேன். மற்றவர்கள் ஜீப்பேறி மேலே போனார்கள். அதற்குப் பிறகு மேலே நடந்ததை வெள்ளத்தாய்தான் பின்னால் சொன்னாள்.

கடைசி எடுப்புக் காய் வந்து இறங்கியது. பச்சை நிற்பதற்காகக் காயைச் சோடாவுப்புத் தண்ணீரில் நனைத்து எடுப்பது வழக்கம். குருசாமி அதே தண்ணீரில் பவளத்தையும் நனைத்திருக்கிறார். குழாய்ச் சூடு நேராகப் படாத மேல்தட்டில் அதை வரிசையாக அடுக்கினார். கீழே எல்லாத் தட்டிலும் காய். கதவை மூடி அடுப்பை மூட்டினார். கொஞ்ச நேரத்திலேயே வாடை கிளம்பிவிட்டது.

"என்னய்யா இப்பிடி அடிக்கிது?" என்று வெள்ளத்தாய் கேட்டாள்.

"பச்சை வாடை. காயும் மொத ஆவியில இப்பிடித்தான அடிக்கும். ஈரம் எறங்கினா போயிரும்."

"கவிச்சியா இருக்கேய்யா."

"கல்லுக்கு ஏது கவிச்சி? கடல்ல கெடந்த உப்பு வாடை."

அடுப்பு ஓரத்திலேயே கிடந்தவருக்கு மூக்கு பழகிப்போய்விட்டது. பழகிய மூக்குக்கு எதுவும் நாறாது, இது ஸ்டோருக்கு மட்டும் உள்ள விதி அல்ல. கதவைத் திறந்தபோது பவளத்தில் பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை. எல்லாம் சாம்பல் நிறம். அதன் மேலிருந்த கொழகொழப்பு உருகி வலை வழியாக அடுத்த தட்டில் வடிந்திருந்தது. அவர் அந்தத் தட்டுக் காயை மட்டும் தனியே தள்ளிவிட்டு, மற்றதைக் காற்றாட விட்டு மூட்டை பிடித்தார். பிறகு இருந்ததில் நல்ல துண்டாக ஒன்றைத் துண்டில் துடைத்து வெள்ளத்தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இதானாய்யா?" என்று கேட்டாளாம். அவர் முகத்தைப் பார்த்ததும், "நல்லாத்தான்யா இருக்கு" என்று சொல்லி அடுப்பு மேட்டில் எடுத்து வைத்துக்கொண்டாளாம்.

மண்டியில் நடந்ததைச் சொல்ல எவர் சாட்சியும் வேண்டாம், நானே நின்றேன். கடைசி எடுப்பு என்பதால் நல்ல விலைக்கு ஆள் காத்திருந்தது. வந்த வியாபாரி சாம்பிளை உள்ளங்கையில் கொட்டினார். பச்சை அருமையாக நின்றிருந்தது. குருசாமி கைவேலை ஆயிற்றே. வியாபாரி ஒன்றை உரித்து வாயில் போட்டார். அடுத்த கணம் துப்பிவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். அடுத்தவர் மோந்து பார்த்ததோடு சரி. "கருவாட்டு லோடுல ஏத்துனீகளாப்பா?" என்று ஒருவர் கேட்டார். ஜீப்பு ஓட்டி வந்தவர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்தார்கள். எல்லா மூட்டையும் அப்படித்தான். முதலாளி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்கு, ஜீப்ப எடுக்கச் சொல்லு" என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. பரம்பரையாக நிலம் உள்ள குடும்பம். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். அதனால்தான் அன்று மேலே தோட்டத்தில் நடந்தது இன்னும் கசக்கிறது. அவர் சத்தம் போடவில்லை.

"கல்லுன்னு நெனச்சுட்டேன் மொதலாளி" என்றார் குருசாமி.

"வேற எவனாச்சும் பண்ணியிருந்தா தெரியாமப் பண்ணிட்டான்னு விட்ருவேன். நீ ஸ்டோர்க்காரன்ப்பா."

ஸ்டோர் வேண்டாம், களை எடுக்கவாவது வைத்துக்கொள்ளலாம் என்று நான் குறுக்கே பேசிப் பார்த்தேன். "இவன் தோட்டத்துல இருக்கான்னு தெரிஞ்சா எங் காய எவன் வாங்குவான்?" என்று கேட்டார். மண்டியில் ஒரு தடவை ஏறிய பேச்சு இறங்காது. வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். மறுநாள் காலை போடிமெட்டில் ஜீப்புக்கு நின்றார்கள். ஒரு தகரப்பெட்டி, சட்டிபானை, போர்வைக்குள் பிள்ளை. குருசாமி யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெள்ளத்தாய்தான் "வர்றோம் தம்பி, ஒடம்பப் பாத்துக்க" என்றாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் தெரியவில்லை. தட்டுகளில் இருந்த பவளத்தை யாரோ ஸ்டோருக்குப் பின்னால் கொட்டியிருந்தார்கள். ஆனி, ஆடி மழையில் நனைந்து நனைந்து அது கடையில் விற்ற கல் போலவே வெளுத்துவிட்டது.

அதற்குப் பிறகு எந்த ஸ்டோரிலும் அவரை ஏற்றவில்லை. குரங்கணிப் பக்கம் கேட்டார், மெட்டுக்கு அந்தப்பக்கம் மலையாளத்து முதலாளிகளிடமும் கேட்டார். போகும் இடமெல்லாம் 'கருவாட்டு ஸ்டோர்' என்ற பெயர் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சிலமலையில் கொஞ்ச நாள் அடுத்தவர் காட்டில் வேலை செய்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. ஊர் ஊராக மாற்றலாகிப் போனதில் அவரை மறந்தேவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், நினைக்காமல் இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தார். காரியத்துக்கு ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பும்போது அதே கடற்கரை ஊரில் டீ குடிக்க பஸ்சு நின்றது. காளவாசல் புகை ரோடு வரை வந்தது. சும்மா எட்டிப் பார்த்தேன். தலைமுதல் கால்வரை வெள்ளையாக ஒரு மனிதர் சூளைச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்கும் தினுசை வைத்தே தெரிந்துகொண்டேன்.

"குருசாமியண்ணே."

திரும்பினார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. "கணக்கா?" என்றார். இருமல் முடிந்த பிறகுதான் அடுத்த வார்த்தை வந்தது. "தீயத் தெரிஞ்ச ஆளு வேணும்னாக. வந்துட்டேன். இங்க மூக்குக்குச் சோலி இல்ல."

சூளைக்குள் வெந்துகொண்டிருந்தது பவளம். சுடுவதற்குக் குவித்து வைத்திருந்ததும் பவளம். கடற்கரையிலிருந்து பெண்கள் கூடையில் சுமந்துவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கூடையைக் கவிழ்த்துவிட்டுச் சும்மாட்டால் முகத்தைத் துடைத்தாள். வெள்ளத்தாய். மலைக் குளிரில் இருந்த முகம் இல்லை, கறுத்து ஒடுங்கிப் போயிருந்தாள்.

"வா தம்பி. அப்பாவுக்கு என்னப்பா?" என்று என் மொட்டைத் தலையைப் பார்த்துக் கேட்டாள். சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல், கடல் பக்கத்திலேயே வந்துவிட்டீர்களே என்று ஏதோ உளறினேன்.

"ஆமா தம்பி. தெனமும் பாக்குறேன்."

"தீவுக்குப் போனீகளா? அந்தப் பச்சை, ஊதா எல்லாம் பாத்தீகளா?"

"எங்குட்டுப் போக? டூரு வந்தவுகளத்தான் படகுல ஏத்துவாக. பாறை எடுக்குற வள்ளத்துல பொம்பள ஏறக் கூடாதாம். கரைக்கு வரும்போது எல்லாம் இந்தக் கலருதான்." காலடியில் கிடந்த சாம்பல் கல்லைக் காலால் தள்ளினாள். "இவரு சொல்லுவாரு, அங்க தண்ணிக்குள்ள எப்பிடி இருந்துச்சுன்னு. முந்தி அடிக்கடி சொல்லுவாரு. இப்பச் சொல்றதில்ல."

பஸ்சு ஹாரன் அடித்தது. மேஸ்திரியும் சத்தம் போட்டார். "வெரசாப் போ தம்பி, விட்டுட்டுப் போயிருவான்" என்று அவள் கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். குருசாமி மறுபடி சுவரில் கையை வைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் பஸ்சில் ஏறினேன். மானாமதுரை தாண்டும் வரை பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார், என் காதில் எதுவும் ஏறவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அவர்களைத் தேடிக்கொண்டு அங்கே போனேன். பவளம் எடுக்கத் தடை வந்து காளவாசல் மூடிக்கிடந்தது. குருசாமி நெஞ்சு அடைத்துச் செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்றார்கள். தாயும் மகளும் திருப்பூர்ப் பக்கம் போனார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, ஊருக்கே போய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். சிலமலையில் விசாரித்தபோது வரவில்லை என்றார்கள்.

தீவையாவது பார்ப்போம் என்று படகுக்குச் சீட்டு வாங்கினேன். இப்போது அடிப்பலகையில் கண்ணாடி பதித்த படகு. உட்கார்ந்த இடத்திலிருந்து கீழே பார்க்கலாம். நெடுநேரம் ஓட்டிப்போன பையனிடம், இங்கே ஒரு தீவு இருக்குமே என்றேன்.

"அது எங்கப்பா காலத்துல சார். சுத்தி இருந்த பாறைய எடுத்துட்டாகல்ல, அலை வந்து மண்ண அரிச்சிருச்சு. இப்ப அதுமேலதான் போய்க்கிட்டிருக்கோம்."

கணக்குப்பிள்ளை புத்தி போகாது பாருங்கள். ஒரு கூடைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று மனம் பெருக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. இந்தத் தீவில் எந்தப் பக்கத்துக் கரை வெள்ளத்தாயின் தலைக்கூடையில் போயிருக்கும் என்று தெரிந்துகொள்ளத் துடித்தது. கணக்கு வரவில்லை. அவள் பார்க்காமல் போனதை இனிமேல் இந்த இடத்தில் யாருமே பார்க்கப் போவதில்லை என்பது மட்டும் புரிந்தது. கண்ணாடிக்குக் கீழே உடைந்த கல்லும் கலங்கல் மணலும் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு எதிரே குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நிமிர்ந்து, "கலரா இருக்குமின்னாங்களே தம்பி, அது எப்ப வரும்?" என்று கேட்டார். பையன் படகைக் கரைக்குத் திருப்பினான்.